பழைய செயின்சாவில் எது கிழமாகிறது?

பழைய செயின்சா ஒன்று விலைக்கு இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: நான் வந்து சேரும்வரை அதை ஸ்டார்ட் செய்யாமல் வையுங்கள். இஞ்சின் ஒருமுறை சூடாகிவிட்டால் பாதிக் குறைகள் ஒளிந்துகொள்ளும். குளிர்ந்த இஞ்சினைக் கயிறு இழுத்துப் பார்த்தால்தான் அதன் நிலைமை கைக்குத் தெரியும்.

போனதும் சைலன்சரைப் பிடித்திருக்கும் இரண்டு மூன்று திருகுகளைக் கழற்றுவேன். சைலன்சர் கையோடு வந்துவிடும். அது இருந்த இடத்தில் புகை வெளியேறும் துவாரம், அதற்குள் பிஸ்டனின் பக்கச்சுவர். கயிற்றை மெதுவாக இழுத்து பிஸ்டனை ஏற்றி இறக்கி, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். நல்ல பிஸ்டன் என்றால், தொழிற்சாலையில் கடைசல் பிடித்தபோது விழுந்த மெல்லிய கிடைக்கோடுகள் இருபது வருடம் கழித்தும் தெரியும். மேலிருந்து கீழாகக் கீறல் ஓடியிருந்தால், அந்த இஞ்சின் எப்போதோ ஒருமுறை எண்ணெய் இல்லாமல் தவித்திருக்கிறது என்று அர்த்தம்.

ஒருமுறை அவசரத்தில் இதைப் பார்க்காமலே 70 சிசி மெஷின் ஒன்றை வாங்கிவந்தேன். விற்றவர் என் கண் முன்னால் ஒரே இழுப்பில் கிளப்பிக் காட்டினார். மறுநாள் காலை இழுத்தால் கயிறு தொளதொளவென்று வருகிறது, எதிர்ப்பே இல்லை. சைலன்சரைக் கழற்றினேன். பிஸ்டனின் அந்தப் பக்கம் முழுக்க உரிந்து மங்கலான வெள்ளி நிறத்தில் இருந்தது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் அதன் பள்ளத்திலேயே ஒட்டிக்கிடந்தது. முழுக்கப் பிரித்துப் பார்த்தபோது காரணம் கிடைத்தது: கார்புரேட்டரையும் சிலிண்டரையும் இணைக்கும் ரப்பர் குழாயில் நகத்தின் நீளத்துக்கு ஒரு வெடிப்பு.

அந்த மெஷினின் கிராங்க்சாஃப்ட் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு), பேரிங், கிராங்க்கேஸ் (அந்தத் தண்டு இருக்கும் உலோகக் கூடு) எதற்கும் ஒன்றும் ஆகவில்லை. பழைய தொழில்முறை செயின்சாக்களைப் பற்றி நான் சொல்ல நினைப்பதும் அதுதான். அவற்றில் உலோகம் அவ்வளவு எளிதில் கிழமாவதில்லை. ரப்பர்தான் கிழமாகிறது. கிழமான ரப்பர் நல்ல உலோகத்தையும் தன்னோடு சேர்த்து அழித்துவிடுகிறது.

தொழில்முறை மாடல் என்றால் என்ன

காட்டில் நாள் முழுக்க மரம் வெட்டுபவருக்காகச் செய்த மெஷினுக்கும், வருடத்தில் நாலு நாள் கிளை வெட்டுபவருக்காகச் செய்த மெஷினுக்கும் வித்தியாசம் வெறும் சக்தியில் இல்லை. வீட்டு உபயோக மாடல்களில் பெரும்பாலும் பிளாஸ்டிக் உடலுக்குள் இஞ்சின் ஒரு பொட்டலம்போல உட்கார்ந்திருக்கும். பிஸ்டனை எட்ட வேண்டுமென்றால் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும். தொழில்முறை மாடலில் மெக்னீசியக் கிராங்க்கேஸ்தான் மெஷினின் முதுகெலும்பு. அது நெடுக்குவாக்கில் இரண்டாகப் பிரியும். அதன்மேல் சிலிண்டர் நாலு போல்ட்டில் தனியாக நிற்கும். மூடியையும் கார்புரேட்டரையும் எடுத்துவிட்டு அந்த நாலு போல்ட்டைத் திருகினால் சிலிண்டர் மேலே வந்துவிடும், பிஸ்டன் கண் முன்னால் இருக்கும். ஆயில் பம்ப், கிளட்ச், கைப்பிடி, டேங்க் எல்லாம் தனித்தனி. பிரித்து மாட்டுவதற்கென்றே யோசித்துச் செய்தவை.

ஸ்டீல் (Stihl) நிறுவனத்தின் 044-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2000 வாக்கில் பெயர் மாற்றத்தில் அது எம்எஸ் 440 ஆனது. ஹஸ்க்வர்னா நிறுவனத்தில் அதற்கு நிகர் 372 எக்ஸ்பி. இரண்டிலும் சிலிண்டர் விட்டம் 50 மி.மீ., கொள்ளளவு 70.7 சிசி. பாரும் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) செயினும் இல்லாமல் எடை 6 கிலோவுக்குச் சற்று மேலே, சக்தி 4 கிலோவாட்டை ஒட்டி. ஆளால் நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு நடக்க முடிகிற எடையில் பெரிய மரத்தையும் சாய்க்கிற சக்தி. வெட்டுபவர்கள் இவற்றைக் கொண்டாடியதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். ஏராளமாக விற்றதால் இன்றும் உதிரிபாகம் கிடைக்கிறது. ஹோம்லைட், மக்கல்லாக், பயனியர் போன்ற பெயர்களில் வந்த பழைய மெக்னீசிய மெஷின்களும் உழைப்பில் சளைத்தவை அல்ல. ஆனால் அவற்றுக்குப் பாகம் வேண்டுமென்றால் பெரும்பாலும் செத்துப்போன இன்னொரு மெஷினிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும்.

"பழையது" என்ற சொல்லுக்குள் பல தலைமுறைகள் இருக்கின்றன. ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் 1929-இல் கொண்டுவந்த பெட்ரோல் மெஷின் 46 கிலோ எடை, இரண்டு பேர் பிடிக்க வேண்டும். இருபது வருடத்தில், 1949-இல், மக்கல்லாக் 3-25 சுமார் 11 கிலோவுக்கு இறங்கி ஒரே ஆளின் கைக்கு வந்தது. நடுவில் 1946-இல் அமெரிக்காவின் ஓரிகனில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, பட்ட மரத்தை ஒரு வண்டுப்புழு இடமும் வலமுமாகக் கடித்துக் குடைந்து போவதை உட்கார்ந்து கவனித்தார். அந்தத் தாடையைப் பார்த்து அவர் செய்த செயின்தான், அடிப்படையில் மாறாமல், இன்றைக்கும் கிட்டத்தட்ட எல்லா மெஷினிலும் ஓடுகிறது. 1959-இல் ஸ்டீல் கான்ட்ரா பல்சக்கரப் பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு இஞ்சினிலிருந்து நேராகச் செயினுக்கு வேகத்தைக் கொடுத்தது. 1969-இல் ஹஸ்க்வர்னா 180 அதிர்வைத் தாங்கும் அமைப்போடு வந்தது. அதே நிறுவனம் 1973-இல் தானாகப் பிடிக்கும் செயின் பிரேக்கைக் கொண்டுவந்தது. கடைசி இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எதை வாங்கலாம், எதை அலமாரியில் வைக்கலாம் என்பதை அவைதான் தீர்மானிக்கின்றன.

ரப்பர் செய்யும் வேலை

டூ ஸ்ட்ரோக் இஞ்சினில் எண்ணெய்க்கென்று தனி இடம் கிடையாது. பெட்ரோலில் கலந்து வரும் எண்ணெய்தான் பேரிங்கையும் பிஸ்டனையும் வழவழப்பாக வைக்கிறது. அந்தக் கலவை கார்புரேட்டரிலிருந்து முதலில் கிராங்க்கேஸுக்குள் போய், பிஸ்டன் கீழே இறங்கும் அழுத்தத்தில் மேலே சிலிண்டருக்குத் தள்ளப்படுகிறது. அதாவது கிராங்க்கேஸ் ஒரு பம்ப். பம்ப்பில் ஓட்டை விழுந்தால் வெளிக்காற்று உள்ளே வரும். காற்று கூடினால் கலவையில் பெட்ரோல் பங்கு குறையும். பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும். வெப்பம் ஏற, வழவழப்பு போக, இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். அலுமினிய பிஸ்டன் வீங்கி சிலிண்டர் சுவரில் ஈஷிக்கொள்ளும். நான் வாங்கிவந்த மெஷினில் நடந்தது இதுதான்.

காற்று புகும் இடங்கள் அதிகமில்லை. கார்புரேட்டர் ரப்பர் குழாய், கிராங்க்சாஃப்ட்டின் இரு முனைகளிலும் காற்றை அடைக்கும் ரப்பர் வளையங்களான சீல்கள், சிலிண்டருக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட், அபூர்வமாக டீகம்ப்ரஷன் வால்வு (கயிறு இழுக்க எளிதாக்க அழுத்தத்தைக் குறைப்பது). இருபது முப்பது வருடம் வெப்பத்திலும் பெட்ரோலிலும் ஊறிய சீல், கையில் எடுத்தால் பிளாஸ்டிக்போல விறைத்திருக்கும். ஆனால் மெஷினே முன்கூட்டிச் சொல்லும். ஆக்சிலேட்டரை விட்டபின் சட்டென்று இறங்காமல் வேகம் ஒரு கணம் மேலேயே தொங்கும். ஆக்சிலேட்டரைத் தொடாத ஐடிலில் தானாக ஏறி இறங்கும். பக்கவாட்டில் சாய்த்தால் சத்தம் மாறும். இதில் எதைக் கேட்டாலும் அப்போதே அணைத்துவிட வேண்டும். இன்னும் ஒரு மரம், இன்னும் ஒரு துண்டு என்று ஓட்டினால் அந்தத் துண்டோடு சிலிண்டரும் போய்விடும்.

சந்தேகத்தை உறுதி செய்ய ஒரு சோதனை இருக்கிறது. பழைய மெஷின் வைத்திருக்கும் எல்லோரும் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பேன். சைலன்சர் இருக்கும் துவாரத்தையும் கார்புரேட்டர் பக்கத்தையும் ரப்பர் தகடு வைத்து அடைத்து, ஸ்பார்க் பிளக் துவாரம் வழியாகக் கைப்பம்ப்பால் சுமார் அரை பார் அழுத்தம் ஏற்ற வேண்டும். முள் அப்படியே நின்றால் நல்லது. இறங்கினால் சோப்புத் தண்ணீரைத் தடவுங்கள், குமிழி இடத்தைக் காட்டிக்கொடுக்கும். அத்தோடு நிறுத்தாமல், காற்றை உறிஞ்சியும் பார்க்க வேண்டும். அழுத்தம் கொடுக்கும்போது சீலின் உதடு தண்டோடு ஒட்டி அடைத்துக்கொள்ளும், உறிஞ்சும்போதுதான் விலகும். அழுத்தத்தில் தேறி உறிஞ்சலில் தோற்ற சீல்களைப் பார்த்திருக்கிறேன். ஓடும் இஞ்சினில் அதே சீல்தான் காற்றை உள்ளே விட்டுக்கொண்டிருந்தது.

அடுத்தது கார்புரேட்டர். செயின்சாவை எப்படிக் கவிழ்த்தாலும் ஓடக் காரணம், அதில் மிதவைக்குப் பதில் மெல்லிய டயாஃப்ரம் இருப்பது. ஒன்று பெட்ரோலை இழுக்கிறது, இன்னொன்று அளந்து விடுகிறது. வருடக்கணக்கில் அசையாமல் கிடந்த மெஷினில் இவை காய்ந்த வாழைச்சருகுபோல மொடமொடவென்று ஆகியிருக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபிறகு பழைய ரப்பர் குழாய்களுக்கு ஆயுள் இன்னும் குறைந்துவிட்டது. எத்தனால் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். நல்ல செய்தி, டில்லோட்சன், வால்ப்ரோ போன்றவை செய்த கார்புரேட்டர்களுக்கு டயாஃப்ரம், கேஸ்கெட், ஊசி அடங்கிய கிட் ஐம்பது வயது மெஷினுக்கும் பெரும்பாலும் கிடைக்கிறது. பழைய மெஷின் எதை வாங்கினாலும், ஓடுகிறதோ ஓடவில்லையோ, பெட்ரோல் குழாய், டேங்கினுள் இருக்கும் ஃபில்டர், கார்புரேட்டர் கிட், ரப்பர் குழாய், இரண்டு சீல்கள் இத்தனையையும் மாற்றிவிட்டுத்தான் மரத்துக்குக் கொண்டுபோவேன். ஒரு சிலிண்டரோடு ஒப்பிட்டால் இது சின்னச் செலவு.

காதால் பிடிக்கும் அளவு

புதிய மெஷின்கள் பலவற்றில் கலவையை மின்னணு அமைப்பு தானே பார்த்துக்கொள்கிறது. பழையதில் அந்த வேலை உங்கள் காதுக்கு. கார்புரேட்டரில் எல் (குறைந்த வேகத்துக்கு), எச் (அதிக வேகத்துக்கு) என்று இரண்டு திருகுகள், ஐடில் வேகத்துக்கு இன்னொன்று. எல் திருகைச் சரிசெய்வது எளிது: ஆக்சிலேட்டரை அழுத்தியதும் திணறாமல் எகிற வேண்டும், விட்டதும் செயின் நிற்க வேண்டும். எச் திருகில்தான் உயிர் இருக்கிறது. இஞ்சின் சூடானபின், முழு ஆக்சிலேட்டரில் சும்மா ஓடவிடும்போது சத்தம் சற்றே கரகரவென்று, விட்டுவிட்டு வருவதுபோல் இருக்க வேண்டும். பெட்ரோல் கொஞ்சம் தாராளமாகப் போகிறது என்பதன் அடையாளம் அது. மரத்தில் இறக்கியதும் அந்தக் கரகரப்பு மறைந்து ஒரே சீரான இரைச்சலாக வேண்டும். தூக்கினால் மீண்டும் கரகரப்பு. சும்மா ஓடும்போதே கூர்மையாக, வீணைக் கம்பியை முறுக்கியதுபோல் கிறீச்சென்று கேட்டால் பெட்ரோல் போதவில்லை. அந்தச் சத்தம் கேட்க நன்றாக இருக்கும், வேகமும் கூடுவதுபோல் தோன்றும். பல இஞ்சின்கள் அந்த ஆசையில்தான் போயின.

எண்ணெய் விகிதம் பற்றி ஒரு குழப்பம் எப்போதும் உண்டு. அந்தக் காலத்துக் கையேடுகளில் 25-க்கு 1, அதைவிடத் தடித்த கலவைகூடப் போட்டிருக்கும். அன்றைக்குக் கிடைத்த எண்ணெய்க்குச் சொன்ன கணக்கு அது. இன்றைய நல்ல டூ ஸ்ட்ரோக் எண்ணெயில் 50-க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி, 1980-களுக்குப் பிந்தைய தொழில்முறை மெஷின்களுக்குப் போதும். மிகப் பழையவற்றுக்கு லிட்டருக்கு 30, 40 என்று கூட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள், தவறில்லை. ஆனால் எண்ணெயைக் கூட்டினால் அதே அளவு கலவையில் பெட்ரோல் குறைகிறது என்பதை மறக்கக் கூடாது. விகிதத்தை மாற்றினால் எச் திருகையும் மறுபடி பார்க்க வேண்டும்.

என் மெஷினின் கதைக்கு வருகிறேன். ஈஷிப்போன சிலிண்டர் என்றதும் எல்லோரும் புதிய சிலிண்டர் கிட் வாங்கத்தான் யோசிப்பார்கள். மலிவான நகல் கிட்கள் இன்று தாராளமாகக் கிடைக்கின்றன. அவற்றில் துவாரங்களின் ஓரம் கூராக விடப்பட்டிருப்பதும், உள்பூச்சு உரிவதும் பல இடங்களில் நடக்கிறது. அசல் சிலிண்டரின் உட்சுவரில் நிக்கலும் சிலிக்கான் கார்பைடும் கலந்த பூச்சு இருக்கும். இன்னும் பழையதென்றால் குரோமியம். அலுமினிய பிஸ்டனைவிட இவை எவ்வளவோ கடினம். ஆகவே கீறல்போலத் தெரிவது பல சமயம் சிலிண்டரின் காயம் அல்ல, அதன்மேல் அப்பிக்கொண்ட பிஸ்டனின் அலுமினியம். கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, அமிலம் தோய்த்த பஞ்சுக்குச்சியால் அந்த அப்பலை மட்டும் தொட்டுத் தொட்டு எடுத்தேன். பூச்சு இல்லாத அலுமினியத்தில் பட்டால் அரித்துவிடும் என்பதால் துவாரங்களின் பக்கம் போகவில்லை. கழுவி, மென்மையாகத் தேய்த்து, விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தபோது எங்கும் தட்டவில்லை. தரமான புதிய பிஸ்டன், ரிங், சீல்கள், ரப்பர் குழாய். குளிர்ந்த நிலையில் ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து இழுத்தபோது கம்ப்ரஷன் மீட்டர் 150 பிஎஸ்ஐ-யைத் தாண்டியது. அந்த மெஷின் இன்றும் ஓடுகிறது.

விட்டுக்கொடுக்கக் கூடாத இடம்

பாரின் மூக்கின் மேல்பாதி எதிலாவது பட்டால் மெஷின் மேல்நோக்கி எகிறி வெட்டுபவரின் முகத்தையும் கழுத்தையும் நோக்கி வரும். கிக்பேக் என்பது இதுதான். மனிதன் சுதாரிக்கும் வேகத்தைவிட அது வேகமானது. அதைத் தடுக்கத்தான் முன்கைக்கு முன்னால் அந்தத் தடுப்பும் அதோடு சேர்ந்த பிரேக்கும். 1960-களின் மெஷின்களில் இது கிடையாது. அறுந்த செயினைப் பிடிக்கும் கொக்கி, ஆக்சிலேட்டர் பூட்டு, பின்கைக்கான காப்பு ஆகியவையும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தவைதான். அந்தக் கால மரவெட்டிகள் இவை இல்லாமலே வெட்டினார்களே என்று சிலர் சொல்வார்கள். வெட்டினார்கள், காயமும் பட்டார்கள்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு காயம் அதிர்வு. வருடக்கணக்கில் அதிரும் கைப்பிடியைப் பிடித்தவர்களுக்கு விரல்களில் ரத்த ஓட்டம் குறைந்து, குளிரில் விரல் வெளுத்து மரத்துப்போகும். வெள்ளை விரல் நோய் என்பார்கள். முற்றிவிட்டால் திரும்பாது. ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் போட்ட விதிப்படி எட்டு மணி நேர வேலைக்குக் கையில் ஏறும் அதிர்வு நொடி வர்க்கத்துக்கு 5 மீட்டரைத் தாண்டக் கூடாது, 2.5-லேயே நடவடிக்கை தொடங்கிவிட வேண்டும். கைப்பிடியை இஞ்சினோடு நேராக முடுக்கிய பழைய மெஷின்கள் இந்தக் கணக்குக்குப் பக்கத்தில்கூட வராது. அதிர்வுத் தாங்கி உள்ள மெஷினிலும் கவனம் வேண்டும், ஏனென்றால் அந்தத் தாங்கிகள் பலவற்றில் ரப்பர். அதுவும் கிழிந்திருக்கும். கைப்பிடியைப் பிடித்து உடலை ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் மாற்றியே ஆக வேண்டும்.

அதனால் என் கோடு தெளிவாக இருக்கிறது. செயின் பிரேக்கும் அதிர்வுத் தாங்கியும் இல்லாத மெஷினைக் கொண்டு மரம் சாய்க்கவோ கிளை கழிக்கவோ மாட்டேன், எவ்வளவு அழகாக ஓடினாலும் சரி. 1980-களிலிருந்து 2000-ஐ ஒட்டி வந்தவைதான் வேலைக்கு ஏற்ற வயது. அவற்றிலும் பிரேக் பட்டையைக் கழற்றித் தேய்மானம் பார்த்துவிட்டு, ஓடும் மெஷினில் மணிக்கட்டால் தடுப்பை முன்னே தள்ளிச் செயின் அந்த நொடியே நிற்கிறதா என்று சோதித்தபிறகுதான் மரத்துக்குப் போக வேண்டும். வெட்டுக்காப்புக் கால்சட்டை, முகவலை, காதுமூடி மூன்றும் கூடவே.

பழையது என்பதற்காக அதன் புகையையும் மறைக்க முடியாது. பழைய டூ ஸ்ட்ரோக்கில் புதுக் கலவை உள்ளே வரும்போதே அதில் ஒரு நல்ல பங்கு எரியாமல் சைலன்சர் வழியாக வெளியே போய்விடுகிறது. புதிய இஞ்சின்களில் முதலில் வெறும் காற்று புகையைத் தள்ளிவிட்டு, அதன் பின்னால் கலவை வருகிறது. பெட்ரோல் கணிசமாக மிச்சம், புகையும் குறைவு. தினமும் எட்டு மணி நேரம் வெட்டிப் பிழைப்பவருக்கு நான் புதியதைத்தான் சொல்வேன். வாரத்தில் சில மணி நேரம் வெட்டுகிற, திருப்புளி பிடிக்கப் பிடித்த ஒருவருக்குப் பழையதை மனதாரச் சொல்வேன்.

மெஷின் எதுவானாலும் மரத்தைத் தொடுவது செயின்தான். அருமையான இஞ்சினில் மழுங்கின செயினை மாட்டி, அழுத்தி அழுத்தி வெட்டி, கடைசியில் மெஷின் கிழம் என்று சொல்பவர்கள் உண்டு. விழும் தூளைப் பாருங்கள்: சீவல் சீவலாக வந்தால் கூர் இருக்கிறது, மாவாக வந்தால் இல்லை. பல தொழில்முறை மெஷின்களில் ஓடும் எட்டில் மூன்று அங்குலச் செயினுக்கு 5.2 அல்லது 5.5 மி.மீ. உருண்டை அரம். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில், உள்ளிருந்து வெளியே மட்டும் தள்ள வேண்டும். பல்லுக்கு முன்னால் இருக்கும் சின்ன மேட்டைப் பலர் மறந்துவிடுவார்கள். பல் தேயத் தேய அதையும் தட்டை அரத்தால் இறக்கி, பல்லின் நுனியைவிட 0.65 மி.மீ. தாழ வைக்க வேண்டும். இறக்காவிட்டால் கூரான பல்லும் மரத்தைக் கடிக்காது. அதிகம் இறக்கினால் முரட்டுத்தனமாகக் கடித்துக் கிக்பேக் கூடும்.

அப்படியானால் பிரேக் இல்லாத அந்தப் பெரிய பழைய மெஷின்கள் எல்லாம் காட்சிப்பொருள்தானா? ஸ்டீல் 070-இன் கொள்ளளவு 106 சிசி, 090-இன் கொள்ளளவு 137 சிசி. வேகம் குறைவு, இழுவை அபாரம். இவற்றுக்கு இன்னும் ஒரு நல்ல வேலை இருக்கிறது: பலகை அறுப்பது. கீழே கிடக்கும் அடிமரத்தின்மேல், பாரின் இரு முனைகளையும் பிடித்த சட்டத்தோடு சீராகத் தள்ளிக்கொண்டு போகும் வேலை இது. மூக்கு சட்டத்துக்குள் அடைபட்டிருப்பதால் எகிறும் ஆபத்து மிகவும் குறைவு. அதிர்வு மட்டும் அப்படியேதான், ஆகவே அவ்வப்போது கைக்கு ஓய்வு தர வேண்டும். நார் ஓடும் திசையிலேயே அறுப்பதால் செயினின் பற்களை 30 பாகைக்குப் பதில் 10 பாகையை ஒட்டித் தீட்டிக்கொள்ள வேண்டும். ஒரு பலகைக்குப் பல நிமிடம் இஞ்சின் முழுச் சுமையில் நிற்கும் என்பதால் எச் திருகை வழக்கத்தைவிடக் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும். அறுத்து முடித்ததும் சட்டென்று அணைக்கக் கூடாது. அரை நிமிடம் ஐடிலில் ஓடவிடுங்கள். ஃபிளைவீல் விசிறும் காற்று சிலிண்டர் துடுப்புகளுக்கு இடையே போய்வரட்டும். அப்புறம் சுவிட்சைத் தட்டலாம்.